சாமியார் ஒளிந்த சுவர்

சீவலப்பேரியைத் தாண்டி, ஆற்றங்கரை வயல்களுக்கு நடுவே நிற்கும் அந்த வீட்டை ஊரார் லண்டன் வீடு என்பார்கள். வாசல் பலகையில் ஆஷ்மியர் மேனர் என்று எழுதியிருக்கும். இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் அறுநூறு வருடத்துக்கு மேலாக நிற்கிற பிரபு வீடு ஒன்றின் நகல் அது. சுற்றிலும் அகழி, அகழியில் தாமிரபரணித் தண்ணீர், தண்ணீரில் வாத்துகள். கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்ள வருவார்கள். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த குடும்பத்தார் தங்கிப் போவார்கள். அவர்களை அறை அறையாகக் கூட்டிப் போய் அந்த வீட்டின் வரலாற்றைச் சொல்வதுதான் ஜாய்சியின் வேலை.

ஜாய்சிக்கு ஊர் ஆலந்தலை. அப்பா எட்வினுக்குக் கடல் தொழில். பாளையங்கோட்டையில் தங்கி வரலாறு படித்தாள், பி.எட். முடித்தாள், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கிவிட்டுக் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தாள். சேர்ந்த அன்றைக்கே சுடலைக்கண்ணு அண்ணாச்சி அவளுடைய அசல் சான்றிதழ்களையெல்லாம் வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். "பத்திரமா இருக்கும்மா. ஹாஸ்டல் ரூம்ல கரையான் அரிச்சிரும்" என்றார். அது அப்போது அக்கறை மாதிரித்தான் தெரிந்தது.

அண்ணாச்சிதான் வீட்டுக்காரர். இளவயதில் ஒரு ஏஜெண்டைப் பிடித்து இங்கிலாந்து போனவர். அசல் ஆஷ்மியர் மேனர் அப்போது ஒரு ஓட்டலாக இருந்தது. அதன் சமையல்கட்டில் பாத்திரம் கழுவிய மனிதர், பிறகு அங்கேயே சமையல்காரராகி, வெளியே வந்து சொந்தமாக உணவுக்கடைகள் வைத்துத் தலையெடுத்தார். வயதான பிறகு ஊருக்குத் திரும்பி, தான் பாத்திரம் கழுவிய வீட்டைக் கல்லுக்குக் கல் அப்படியே கட்டிவிட்டார். அந்த வீட்டைப் பற்றி வந்த புத்தகங்களையெல்லாம் வரவழைத்து ஜாய்சியிடம் கொடுத்தார். அவள் ஒரு மாதம் படித்தாள்.

படித்ததில் பாதியைத்தான் சொல்ல விட்டார். சர் ராபர்ட் என்ற வீரர் பிரான்சில் போரிட்டு, கொண்டுவந்த செல்வத்தில் வீட்டைக் கட்டியது சொல்லலாம். பெரிய கூடத்தின் நட்டநடுவில் நெருப்பு எரிந்ததையும், கூரை ஓட்டை வழியாகப் புகை போனதையும் சொல்லலாம். பிரபு மேடையில் உட்கார்ந்து மான் கறி தின்றதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிரபுவின் நிலத்தில் உழுதவர்களைப் பற்றி அவள் ஒரு தடவை ஆரம்பித்தபோது அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது எதுக்கு? கல்யாணத்துக்கு வந்தவங்ககிட்ட போய் அடிமைக் கதை சொல்லுதியா? ராசா கதையச் சொல்லு."

இரண்டு வருடம் ராசா கதை சொன்னாள். பிறகு தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். அசல் சான்றிதழ்கள் கையில் இருக்க வேண்டும்.

அவள் கேட்டாள். அண்ணாச்சி அகழித் தண்ணீரில் பாசி பிடித்திருப்பதைப் பற்றிப் பேசினார். மறுநாள் கேட்டாள். கோமு அக்கா சமையலில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்றார். அப்பாவைப் பேசச் சொன்னாள். போனில் அப்பாவிடம் மீன் விலை விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். மாட்டேன் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால்கூட அவளுக்குச் சண்டை போட ஏதாவது அகப்பட்டிருக்கும்.

திருநெல்வேலியில் ஆனித் தேரோட்டம் அன்றைக்கு. வேலைக்காரர்கள் எல்லோருக்கும் லீவு. முன்வாசல் ஆபீஸில் ஹரீஷ் மட்டும் இருந்தான். பக்கத்து ஊர்ப் பையன், வரவேற்பு வேலை. விருந்தாளிகள் யாரும் இல்லை. ஜாய்சி வழக்கம் போலத் தன் போனை ஆபீஸ் இழுப்பறையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். வேலை நேரத்தில் யாரும் போன் வைத்திருக்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் சட்டம்.

அவர் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் சின்னப்பிள்ளைச் சந்தோஷம்.

"அண்ணாச்சி, திங்கக்கிழமை சேரணும். ஒரிஜினல் இல்லாம சேத்துக்க மாட்டோம்ங்காங்க."

"மொதல்ல மேல வா. சங்கிலிபூதத்தான் நேத்து முடிச்சிட்டான். பாத்தா அசந்து போவ. பொறவு பேசுவோம்."

சங்கிலிபூதத்தான் தச்சர். மாடியில் பிரபுவின் படுக்கையறையில், குளிர்காய நெருப்பு மூட்டும் கணப்புக்கு வலப்பக்கம் சுவர் முழுக்க மரப்பலகை அடித்திருந்தார். பலகையில் வரிசையாகச் சிங்க முகங்கள். அண்ணாச்சி அதில் ஒன்றின் மூக்கை அமுக்கினார். க்ளிக் என்று ஒரு சத்தம். சுவரின் ஒரு துண்டு கதவாகத் திறந்தது.

உள்ளே சாமியார் ஒளிந்த அறை. அசல் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் கத்தோலிக்கப் பூசை வைப்பது குற்றம். பூசை வைக்கும் சாமியார் பிடிபட்டால் தலை போகும். அந்த வீட்டின் விதவைச் சீமாட்டி ஆலிஸ், கணப்புச் சுவருக்குள் ஒரு பொந்து கட்டி ஒரு சாமியாரை ஒளித்து வைத்திருந்தாள். ஜாய்சி அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் தன்னையறியாமல் குரல் மாறும். அவளுடையது கத்தோலிக்கக் கடற்கரை ஊர்; அங்கே கோயில் மணி அடித்தால் கடலில் நிற்கிற வள்ளத்தில்கூடத் தொப்பியைக் கழற்றுவார்கள்.

"உள்ள போ, உள்ள போ" என்று அண்ணாச்சி அவளை முன்னால் விட்டுத் தானும் நுழைந்தார். இரண்டு பேர் உடம்பை ஒடுக்கி நிற்கலாம். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும். ஒரு பக்கச் சுவரில், முகத்துக்கு நேராக, விரல் தடிமனில் ஒரு பித்தளைக் குழாய் அடுத்த அறைக்குப் போயிற்று.

"இது என்னன்னு சொல்லு பாப்போம்."

"சாமியாருக்குக் கஞ்சி ஊத்துன குழாய். வீட்டைச் சோதனை போட வந்தவங்க நாள்கணக்கா உக்காந்துட்டாங்க. ஆலிஸ் அடுத்த அறையில இருந்து நாணல் வழியா ஊத்துனா."

"சபாஷ். இருட்டு எப்பிடி இருக்குன்னு பாக்கணும்லா." பேசிக்கொண்டே பலகையைத் தன் பக்கமாக இழுத்தார்.

க்ளிக்.

இருட்டு நன்றாகத்தான் இருந்தது. குழாயின் வாயில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம். ஜாய்சி பலகையைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. கொண்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துளைதான் தட்டுப்பட்டது.

"அண்ணாச்சி, இத உள்ள இருந்து எப்பிடித் திறக்க?"

அவர் கை பலகையின் மேலும் கீழும் தேடியது.

"உள்பக்கத்துக் கொண்டிய திங்கக்கிழமை வந்து மாட்டுதேன்னு சொன்னான்" என்றார்.

இரண்டு பேரும் தள்ளினார்கள். தோள் கொடுத்துத் தள்ளினார்கள். நல்ல மரம், நல்ல தச்சர், அசையவில்லை. அண்ணாச்சியின் போன் கீழே கூடத்தில் சார்ஜில் கிடந்தது. அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி அவளிடம் கொடுத்தார். இடுக்கில் சாவியை விட்டு நெம்பினாள். ஒன்று வளைந்தது. இன்னொன்று கையைக் கிழித்தது. ரத்தத்தைச் சுடிதாரில் துடைத்தபடி சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு, குழாயில் வாயை வைத்துக் கத்தினாள். ஹரீஷ், ஹரீஷ் என்று தொண்டை கட்டும் வரை கத்தினாள். அடுத்த அறை காலி. ஹரீஷ் இருந்தது வீட்டின் மறுகோடியில், முன்வாசல் ஆபீஸில்.

ஆனி வெக்கை கல்லுக்குள் இறங்கியிருந்தது. வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. முதலில் நின்றார்கள், பிறகு முதுகோடு முதுகு முட்ட உட்கார்ந்தார்கள். ஜாய்சிக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது, குழாயில் மூக்கை வைத்து இழுத்தாள். அவளுக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. திங்கட்கிழமைதான் சங்கிலிபூதத்தான் வருவார் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

"அழாத பிள்ள" என்றார் அண்ணாச்சி.

"நான் அழல."

அவராகவே பேச ஆரம்பித்தார். "நான் இதைவிடச் சின்ன இடத்துல கெடந்துருக்கேன். அங்க பாய்லர் ரூமுக்குப் பின்னால ஒரு இடுக்கு. அதுலதான் படுக்க. போன அன்னைக்கே மேனேஜர் என் பாஸ்போர்ட்ட வாங்கி வச்சிட்டான். வருசக்கணக்கா கண்ணால பாக்கல. அம்மா செத்ததுக்குக்கூட வர முடியல."

ஜாய்சி திரும்பிப் பார்த்தாள். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.

"எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பிய" என்றாள்.

"என்ன கஷ்டம்? பாஸ்போர்ட் கையில இருந்தா மறுநாளே ஓடி வந்துருப்பேன். ஓடி வந்திருந்தா இன்னைக்கும் ஆத்துல மாடு குளுப்பாட்டிக்கிட்டு நின்னுருப்பேன். அவன் பிடிச்சு வச்சான், நான் நின்னேன், நின்னதால ஆளானேன். ஒருத்தன உருப்பட வைக்கணும்னா காயிதத்த அவன் கையில குடுக்கப்பிடாது."

பெருமையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாளும் அவர் ஏமாற்றுகிறார் என்று நினைத்திருந்தாள். அவரோ தனக்குக் கிடைத்த நல்லதை எல்லோருக்கும் பங்கு வைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஏதாவது பேசு" என்றார். "வரலாறு சொல்லு. உன் குரலக் கேட்டாத் தெம்பா இருக்கும்."

"ராசா கதையா?"

"எதையாவது சொல்லு."

அவள் சொன்னாள். சர் ராபர்ட்டின் நிலத்தை உழுதவர்கள் அவர் அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது. மகளைக் கட்டிக் கொடுக்க அவருக்குக் காணிக்கை வைக்க வேண்டும். மாவரைக்க அவருடைய எந்திரத்துக்குத்தான் போக வேண்டும். பிறகு கொள்ளைநோய் வந்தது. ஊரில் பாதிப்பேர் செத்தார்கள். உழ ஆள் இல்லை. மிச்சமிருந்தவர்களைப் பிடித்து வைக்கச் சட்டம் போட்டார்கள். வால்டர் என்று ஒரு ஆட்டிடையன், பெண்டாட்டி பிள்ளைகள் எல்லோரையும் புதைத்துவிட்டு, ஒரு விடியற்காலையில் ஆடுகளைப் பட்டியிலேயே விட்டுவிட்டு ஓடினான். மதில் போட்ட நகரம் ஒன்றுக்குள் போய், ஒரு வருடமும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் அவன் யாருக்கும் அடிமை ஆளில்லை என்பது அந்த நாட்டு வழக்கம். அவன் ஒரு தோல் பதனிடுகிறவனிடம் வேலைக்குச் சேர்ந்தான். தெருவில் குதிரைச் சத்தம் கேட்டால் தோல் குவியலுக்குள் புகுந்துகொள்வான். கடைசியில் கெடு முடிந்தது. அந்த நகரத்திலேயே கலியாணம் கட்டிக்கொண்டு கிழவனாகிச் செத்தான்.

"என்னைக் குத்திக் காட்டுதியா?" என்றார் அண்ணாச்சி.

"நீங்க வாங்கித் தந்த புஸ்தகத்துல இருக்கதைத்தான் சொல்லுதேன்."

பிறகு அவருடைய முதுகு அவள் முதுகில் ஒரு மாதிரியாகக் கனத்தது. தொட்டுப் பார்த்தாள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, உடம்பு சில்லென்று இருந்தது, கை வெடவெடவென்று ஆடியது.

"அண்ணாச்சி!"

"காலையில சுகருக்கு ஊசி போட்டேன். சாப்பாட்டுக்கு முன்னால உனக்கு இதக் காட்டிருவோம்னு வந்தேன்." நாக்கு குழறியது.

ஜாய்சி எழுந்து குழாயில் வாயை வைத்துக் கத்தினாள். கைமுட்டியால் சுவரைக் குத்தினாள். செருப்பைக் கழற்றி அடித்தாள். கீழே எங்கேயோ அண்ணாச்சியின் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது லேசாகக் கேட்டது. நின்றது. மறுபடி அடித்தது. வெகுநேரம் கழித்து மரப்படியில் யாரோ ஏறி வரும் சத்தம்.

"அண்ணாச்சி? போன் அடிச்சிட்டே கெடக்கு..." ஹரீஷின் குரல், அடுத்த அறையில்.

"ஹரீஷ்! சுவருக்குள்ள இருக்கோம்!"

தடதடவென்று ஓடுகிற சத்தம். படியில் இறங்கியே போய்விட்டான்.

"ஏலே ஹரீஷ்! பேய் இல்லலே, ஜாய்சி! ஓடாதலே!"

பைய, படி படியாக, திரும்பி வந்தான். குழாயின் வாயில் அவன் கண் தெரிந்தது.

"அக்கா, இங்கன எப்பிடிப் போனிய?"

"சீனித் தண்ணி கொண்டா. மொதல்ல அது. கட்டியாக் கரைச்சுக் கொண்டாந்து இந்தக் குழாயில ஊத்து. அண்ணாச்சிக்கு சுகர் இறங்கிட்டு. ஓடு!"

அவன் கொண்டு வந்து ஊற்றினான். பாதி சுவரில் வழிந்தது. மீதியை ஜாய்சி உள்ளங்கையில் பிடித்து, இருட்டில் அண்ணாச்சியின் வாயைத் தேடி, சொட்டுச் சொட்டாக விட்டாள். அவர் பிள்ளை மாதிரி அவள் விரலைச் சப்பினார். அவளுக்கு அழுகையாக வந்தது. ஏனென்று சொல்லத் தெரியவில்லை.

"பிள்ள" என்றார் கொஞ்ச நேரத்தில். "வெளிய போன உடனே உன் காயிதத்தத் தாரேன். சுடலைமாடன் மேல சத்தியம்."

"பேசாம இருங்க. இன்னொரு வாய் குடிங்க."

சிங்க முகத்தைக் கண்டுபிடிக்க ஹரீஷுக்கு நேரம் பிடித்தது. எந்த வரிசை, எந்த மூக்கு என்று அண்ணாச்சிக்கே சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு சிங்கமாக அமுக்கிக்கொண்டே போனான். க்ளிக் என்ற சத்தம் கேட்டபோது வெளிச்சத்தில் ஜாய்சிக்குக் கண் கூசியது. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து வந்துகொண்டிருந்தது.

அண்ணாச்சியைப் பிரபுவின் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஹரீஷ் ரொட்டியும் பாலும் கொண்டு வந்தான். டாக்டருக்குப் போன் போட்டான். முகத்தில் ரத்தம் திரும்பி வருவதை ஜாய்சி நின்று பார்த்தாள். குரலும் திரும்பி வந்தது. ஹரீஷை, டம்ளருக்கு அடியில் தட்டு வைக்காததற்குத் திட்டினார்.

"அண்ணாச்சி, சர்டிபிகேட்."

அவர் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "இப்பத்தான் உசுரு வந்துருக்கு. அடுத்த மாசம் அந்த மேனேஜர் மகன் லண்டன்ல இருந்து வாறான். நான் கட்டுன வீட்டப் பாக்க வாறான். அவன் முன்னால வரலாறு சொல்ல உன்ன விட்டா ஆளு ஏது? அது முடியட்டும். பொறவு நானே கார்ல கொண்டு விடுதேன்."

"உள்ள வச்சுச் சத்தியம் பண்ணுனிய."

"உள்ள வச்சுச் சொன்னது உள்ளயே இருக்கட்டும்மா."

கோபமாகச் சொல்லவில்லை. ரொம்பப் பிரியமாகச் சொன்னார். அடுத்த மாதமும் இதே பிரியத்தோடு இன்னொன்று சொல்வார் என்று ஜாய்சிக்கு விளங்கியது. அவள் படியிறங்கினாள். இறங்கும்போது பையில் சாவிக்கொத்து தொடையில் இடித்தது.

ஆபீஸ் அறையில் இரும்புப் பெட்டி இருந்தது. கொத்தில் வளையாத சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். திருட்டு என்று போலீஸில் சொன்னால் என்ன செய்வது என்று ஒரு நிமிடம் யோசித்தாள். என் பெயர் போட்ட காகிதம், என் படம் ஒட்டிய காகிதம் என்று தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். பெட்டி திறந்தது. உள்ளே பழுப்புக் கவர்கள் அடுக்கியிருந்தன. அவளுடையது, அறைகளை மேற்பார்க்கும் ஷம்ஸியாவுடையது, வேன் டிரைவருடையது, ஹரீஷுடையது. எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

ஹரீஷ் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, என்ன செய்யுதிய?"

"இந்தா, உன்னோடது. எடுத்துக்க."

அவன் கவரை வாங்கினான். வெளியே உருவி, தன் பி.காம். பட்டத்தைப் பார்த்தான். படத்தில் இருந்த தன் பழைய முகத்தைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு உள்ளே தள்ளி மூடி, குனிந்து, இரும்புப் பெட்டிக்குள் பழைய இடத்தில் வைத்தான்.

"என்னலே இது?"

"எங்க கொண்டு வைக்க? இத எடுத்தா வேலை போவும். வேலை போனா சென்னைக்குத்தான் போவணும். அப்பாவ யாருக்கா பாப்பா? அவரால தானா எந்திரிச்சுக் கக்கூஸ் போவ முடியாது." அவன் அப்பா ராமசுப்பு பக்கவாதத்தில் விழுந்து கிடக்கிறார் என்பது ஜாய்சிக்குத் தெரியும். "ஷம்ஸியா அக்காவோடதையும் டிரைவர் அண்ணனோடதையும் நான் குடுத்துருதேன். நீங்க போயிருங்க. டாக்டர் வண்டி வாற நேரம்."

அவள் சாவிக்கொத்தை அவன் கையில் வைத்தாள். இழுப்பறையிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டாள். மாடியிலிருந்து அண்ணாச்சி யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. தன்னையா, ஹரீஷையா என்று நின்று கேட்கவில்லை. அகழிப் பாலத்தைத் தாண்டும்போது ஓடுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. ரோட்டுக்கு வந்து நின்ற பிறகுதான் ஒரு காலில் செருப்பு இல்லை என்று கண்டாள்.

தேர்க்கூட்டத்தில் டவுன் பஸ் தாமதமாக வந்தது. அதுவரைக்கும் கவரைத் துப்பட்டாவுக்குள் வைத்து அணைத்துக்கொண்டு புளியமரத்துக்குப் பின்னால் நின்றாள். கார் ஒன்று வந்தது. மரத்தோடு ஒட்டிக்கொண்டாள். டாக்டர் வண்டிதான்.

போலீஸ் வரவில்லை. அண்ணாச்சி போன்கூடச் செய்யவில்லை. திங்கட்கிழமை ஜாய்சி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். தலைமையாசிரியை அசல்களைச் சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்தார். அப்போதும் அவள் கை, எங்கே திரும்பி வாங்கிக்கொள்வார்களோ என்பது போல முந்திக்கொண்டு நீண்டது. ஷம்ஸியா ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டாள்.

ஹரீஷுக்கு அவள் அடிக்கடி போன் செய்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்கள், அப்பாவைத் தூத்துக்குடிக்குக் கூட்டி வந்துவிடு, பக்கத்திலேயே வீடு பார்த்துத் தருகிறேன் என்றாள். அவன் பார்க்கிறேன் என்பான். கடைசியாகப் பேசியபோது மேனேஜர் மகன் வந்து போயிருந்தான்.

"யாரு வரலாறு சொன்னா?" என்று கேட்டாள்.

"நான்தான். அண்ணாச்சி ராவும் பகலுமா உக்காத்தி வச்சுப் படிப்பிச்சிட்டாரு. இனி வாறவங்களுக்கெல்லாம் நான்தான் சொல்லணுமாம்." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "அக்கா, நீங்க சொன்ன அந்த வேலை..."

அவள் காத்திருந்தாள். மறுமுனையில் யாரோ அவன் பெயரைச் சொல்லி அதட்டும் சத்தம் கேட்டது.

"வச்சிருதேன்க்கா. அண்ணாச்சி கூப்பிடுதாரு."